முதல் நாளை நிரப்பாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தனியாக நெடும்பயணம் போவது பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். விசா, காப்பீடு பற்றியெல்லாம் சரியாகவே எழுதியிருந்தார்கள். முதல் நாளுக்குப் போட்டுக் கொடுத்த அட்டவணையில்தான் எனக்கு வழக்கு. காலையில் இறங்கியதும் அறையில் பெட்டியைப் போட்டுவிட்டு அருங்காட்சியகம், மதியம் நகரைச் சுற்றும் பஸ், சாயங்காலம் படகு. ஒரு வாரத்தில் திரும்புகிறவர் வேண்டுமானால் அப்படி ஓடலாம். மாதக்கணக்கில் போகிறவருக்கு ஒரு நாளில் என்ன குறைந்துவிடப் போகிறது? வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நான் அப்படித்தான் போய் வருகிறேன், துணைக்கு யாரும் கிடையாது. முதல் நாளில் ஒன்றுமே வைத்துக்கொள்ளக் கூடாது என்பது என் கட்சி.

முதலில், அந்த அறையே காலையில் கிடைக்காது. பல விடுதிகளில் மதியம் 2, 3 மணிக்குத்தான் சாவி தருவார்கள். அப்புறம் உடம்பு. கிழக்கே, நம் கடிகாரத்தைவிட எட்டு மணி நேரம் முன்னால் ஓடும் ஊரில் காலை 7 மணிக்கு இறங்கினால் நம் உடம்புக்கு அது இரவு 11 மணி. உள்ளே இருக்கும் கடிகாரம் நாளொன்றுக்குச் சுமார் ஒரு மணி நேரம்தான் நகர்ந்து கொடுக்கும். காலை வெயில் நல்லதுதானே என்று உடனே நடக்கக் கிளம்பினால் அந்தக் கடிகாரம் எதிர்த்திசையில் போய்விடும். வழக்கமாக விழிக்கும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி முன்பு உடல் வெப்பம் மிகவும் இறங்கியிருக்கும். அதற்கு முன் கண்ணில் படும் வெளிச்சம் தூக்க நேரத்தைப் பின்னுக்குத் தள்ளும், அதற்குப் பின் படுவது முன்னுக்குக் கொண்டுவரும். நம் ஊர் விடியற்காலை 4 மணி அங்கே மதியம் 12. அதனால் அவ்வளவு கிழக்கே போனால் மதியம் வரை கறுப்புக் கண்ணாடியைக் கழற்ற மாட்டேன், வெயிலுக்குப் போவது பிற்பகலில்தான். மேற்கே போவது சுலபம். சாயங்கால வெளிச்சத்தில் உட்கார்ந்து தூக்கத்தைத் தள்ளிப் போட்டால் போதும்.

விமான நிலையத்திலேயே நாள் கரைவதும் உண்டு. ஒருமுறை எல்லோரும் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், பெல்ட்டும் நின்றுவிட்டது, என்னுடையது வரவில்லை. கவுன்ட்டரில் இருந்த பையன் “நாளைக்கு வந்துவிடும், நீங்கள் போங்கள்” என்று அனுப்பப் பார்த்தான். நான் நகரவில்லை. பி.ஐ.ஆர். என்ற புகார்ப் படிவத்தை எழுதி, அதன் குறிப்பெண்ணை வாங்கிக்கொண்டுதான் சுங்க வாசலைத் தாண்டினேன். நிறம் என்ன, சக்கரம் எத்தனை, ஜிப் வைத்ததா, பூட்டு வைத்ததா என்று கேட்டுக்கொண்டே போனான். கிளம்பும்போது பெட்டியைப் படம் எடுத்து வைத்திருந்ததால் போனை அப்படியே நீட்டினேன். சர்வதேச விமானப் பயணத்துக்கான 1999ஆம் ஆண்டு மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி பெட்டி உடைந்திருந்தால் கைக்கு வந்த 7 நாளுக்குள்ளும், தாமதமாக வந்திருந்தால் வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள்ளும் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். அன்று எனக்குப் படகு டிக்கெட் வேறு இருந்திருந்தால், படிவம் எழுதாமலே ஓடியிருப்பேன்.

பணம் எடுப்பதிலும் அவசரம் கூடாது. ஏ.டி.எம். திரையில் “உங்கள் நாட்டுப் பணத்திலேயே கணக்கிடலாமா?” என்று ஒரு கேள்வி வரும். பார்த்தால் உபகாரம் மாதிரி இருக்கும். வேண்டாம் என்று அழுத்துங்கள். சரி என்றால் மாற்று விகிதத்தை அந்த இயந்திரக்காரர் தன் லாபத்தையும் சேர்த்துப் போட்டுக்கொள்வார். வங்கிக் கிளையோடு ஒட்டியிருக்கும் ஏ.டி.எம்.மில், கிளை திறந்திருக்கும் நேரத்தில் எடுப்பது என் வழக்கம். கார்டு உள்ளே மாட்டிக்கொண்டால் கதவைத் தட்ட ஆள் இருக்கும். புது சிம் வாங்கிய சந்தோஷத்தில் பழைய சிம்மைத் தூர வைத்துவிட வேண்டாம். வங்கியின் ஓ.டி.பி. பழைய எண்ணுக்குத்தான் வரும்.

நீண்ட பயணத்தில் நாள் கணக்கும் முக்கியம். ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாளை எடுத்தாலும் 90 நாள்தான் தங்கலாம் என்பது விதி, உள்ளே நுழையும் நாளும் அதில் சேரும். இரவு பதினொன்றே முக்காலுக்கு எல்லை தாண்டினாலும் ஒரு நாள் போச்சு. இரவில் இறங்காமல் இருக்க இது ஒரு காரணம். தனியாகப் போகும் பெண்களுக்கு மற்ற காரணங்களை நான் சொல்ல வேண்டியதில்லை. கட்டணம் கொஞ்சம் கூடினாலும் பகலில் இறங்கும் விமானத்தைத்தான் பிடிப்பேன். முதல் இரண்டு இரவுக்கு மட்டும் அறையை உறுதி செய்து, முகவரியைத் தாளில் எழுதிக் கையில் வைத்திருப்பேன். குடிவரவு அதிகாரி கேட்கும்போது போன் செத்துக் கிடக்கலாம்.

கட்டுரை தொடாத விஷயம் ஒன்று. அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியதும் ‘எதற்கு வந்தோம்?’ என்று தோன்றும். எனக்கு ஒவ்வொரு பயணத்திலும் தோன்றுகிறது. பாதி அது தூக்கமின்மை. அந்த நேரத்தில் வீடியோ கால் மட்டும் போடக் கூடாது. என் முகத்தைப் பார்த்தால் மகள் உடனே திரும்பி வர டிக்கெட் தேட ஆரம்பித்துவிடுவாள். “வந்து சேர்ந்தேன், அறை நன்றாக இருக்கிறது, நாளைக்குப் பேசுகிறேன்” என்று குரல் பதிவு அனுப்பிவிட்டுப் படுத்துவிடுவேன்.

கடைசியாக ஒரு திருத்தம். கட்டுரைக்குப் பக்கத்தில் இருந்த பட்டியலில் பவர் பேங்கைப் பெரிய பெட்டியில் வைக்கச் சொல்லியிருந்தீர்கள். லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கக்கூடியது என்பதால் அதைக் கைப்பையில்தான் எடுத்துப் போக வேண்டும், பொதுவாக 100 வாட்-அவர் வரை. அடுத்த இணைப்பில் இதை வெளியிட்டால் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி