தலையில அடிபட்ட ஆள் வீட்ட வந்தாப்பிறகு

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

நிலாவெளி ரோட்டில மோட்டச்சைக்கிள் விபத்தெண்டு பேப்பரில அடிக்கடி வருது, ஆனா அடிபட்ட ஆள் பிறகு எப்பிடித் தேறினதெண்டு ஒருத்தரும் எழுதிறேல்ல. தேறாமக் கிடக்கிறதுக்குப் பிறகு வாற சிக்கல்களும் கனதரம் ஒரு காரணம்.

தலையில அடிபட்ட எங்கட மச்சானுக்கு விழுங்கிறது சரியில்ல, நாங்கள் பாசத்தில படுத்த வாக்கில கஞ்சி பருக்க அது புரையேறி நெஞ்சுக்க போய் நிமோனியா, நடக்கத் தொடங்கின ஆள் திரும்பக் கட்டிலோட. காய்ச்சலும் ஒட்சிசன் குறையிறதும் அடிபட்ட மூளைக்கு இன்னும் கேடு. கதிரையில நிமிர்த்தி இருத்தி சின்னக் கரண்டியால ஆறுதலாக் குடுக்கோணுமெண்டு நேர்ஸ் பிள்ளை ஒண்டுதான் காட்டித் தந்தது.

வலிப்பு மாசக்கணக்கு கழிச்சும் வரும், சலக்கிருமி, படுக்கைப்புண், காலில ரத்தம் கட்டிறது வேற. தேறிவந்த ஆள் மந்தமாகி, நடை தடுமாறி, சலம் போறது தெரியாம இருந்தா அடிபட்டா அப்பிடித்தானெண்டு விடாதேங்கோ. நூல் கட்டிறதெண்டா கட்டுங்கோ, ஆனா முதல் ஆஸ்பத்திரி. மூளைக்க தண்ணி தேங்கியிருக்கலாம், இல்லாட்டி ரத்தத்தில சோடியம் குறைஞ்சிருக்கலாம், ஸ்கேனிலயும் ரத்த டெஸ்டிலயும் தெரியும், ரெண்டுக்கும் வைத்தியம் இருக்கு.

ஆஸ்பத்திரியில துண்டு வெட்டி வீட்ட விடேக்க இதுகளைத் தமிழில ஒரு பக்கத்தில எழுதிக் குடுத்தா என்ன, இங்கிலீசுக் கார்டை வச்சு நாங்கள் என்ன செய்யிற?

வாசகி ஒருத்தி,
உப்புவெளி, திருகோணமலை