பெயரை மறைத்தால் மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

மருத்துவமனை ஊழியர்கள் தமக்கு நேரும் சாதி, இன, மொழிப் பாகுபாட்டை வெளியே சொல்ல வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. எப்படிக் கேட்பது என்பதில்தான் நீலகிரியில் கோட்டை விடுகிறோம்.

கூடலூர், பந்தலூர், குந்தா வட்டங்களில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மொத்தமே சில பேர்தான் வேலை செய்வார்கள். அதில் பணியர் பழங்குடியைச் சேர்ந்தவர் ஒருவர், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர் குடும்பத்தவர் ஒருவர் இருக்கக்கூடும். அவர்கள் சொன்னதை அறிக்கையாக்கும்போது பெயரை எடுத்துவிட்டு 'இரவுப் பணியில் இருந்த பழங்குடிச் செவிலியர்' என்று எழுதினாலும் ஆள் யாரென்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஆகவே ஒவ்வொரு நிலையத்துக்கும் தனி அறிக்கை வேண்டாம். ஒரு வட்டாரம் முழுவதையும் சேர்த்தே வெளியிட வேண்டும். ஒரு பிரிவில் ஐந்து பேருக்குக் குறைவாக இருந்தால் அதைத் தனியே காட்டக் கூடாது.

கண்காணிப்புக் கேமராவுக்கு நேர் கீழே புகார்ப்பெட்டி, சாவி பொறுப்பு அலுவலரிடம் என்றால் அதில் தூசிதான் சேரும். செல்போனில் படிவம் நிரப்பச் சொன்னால், சிக்னல் இல்லாத ஊர்க்காரர் விடுபடுவார். வேலை முடிந்த பின் கூட்டம் வைத்தால் கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர் வரமாட்டார். பணி நேரத்திலேயே ஒரு மணி நேரம் ஒதுக்கி, ஒரே நிலையில் உள்ள ஆறேழு பேரை உட்காரவைத்துப் பேசலாம். பேச்சை நடத்துபவர் வேறு வட்டாரத்தவராக இருக்கட்டும். ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர், ஆஷா எனப்படும் கிராம சுகாதாரப் பணியாளர், 108 ஆம்புலன்ஸ் ஊழியர் ஆகியோரை மறப்பதே வழக்கமாகிவிட்டது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்ற பயம் அவர்களுக்குத்தான் அதிகம். ஒப்பந்ததாரரின் மேற்பார்வையாளரை அந்த அறைக்குள் விடக் கூடாது.

'பாகுபாடு உண்டா?' என்று பொதுவாகக் கேட்டால் 'அப்படியெல்லாம் இல்லைங்க' என்றுதான் பதில் வரும். கழிப்பறை வேலை யாருக்குப் போகிறது, டீ டம்ளர் தனியா, பெயர் சொல்லி அழைக்கிறார்களா சாதிப் பெயரா, உங்களிடம் ஊசி போட்டுக்கொள்ள நோயாளி மறுத்தபோது பொறுப்பாளர் என்ன செய்தார் என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். தாய்மொழியில் வாய்மொழியாகச் சொல்ல விடுங்கள். குரலே ஆளைக் காட்டும் என்பதால், எழுதி முடித்ததும் ஒலிப்பதிவை அழித்துவிட வேண்டும்.

அனுபவம் சொல்வது வேறு, புகார் கொடுப்பது வேறு என்பதை முதலிலேயே தெளிவாக்குங்கள். புகார் தர விரும்புவோர் தேதி, பணிநேரம், இடம், சொன்ன வார்த்தை, உடனிருந்தவர் ஆகியவற்றை அன்றே குறித்துவைப்பது அவசியம். 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவது பொதுப் பார்வையில் நடந்ததா என்பது முக்கியம். சாட்சி இல்லாமல் மூடிய அறைக்குள் பேசியது வழக்கில் நிற்பது கடினம்.

பேச்சோடு பதிவேடுகளையும் பார்க்க வேண்டும். இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையில் ஊழியரிடையே இனச் சமத்துவம் இருக்கிறதா என்று பார்க்க 2015 முதல் ஒன்பது அளவுகோல்கள் உள்ளன. ஊழியர் சொல்வதோடு, ஆளெடுப்பில் யார் தேர்வானார், ஒழுங்கு நடவடிக்கை யார்மீது பாய்ந்தது என்பதும் அதில் சேரும். நம்மிடமும் பணிப்பட்டியல், விடுப்புப் பதிவேடு, மெமோ நகல்கள் இருக்கின்றனவே! நல்லது நடக்கும் இடத்தையும் எழுத வேண்டும்: ஆதிவாசிப் பெண்களே செவிலியராகப் பயிற்சி பெற்றுப் பணிபுரியும் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையில் கற்றுக்கொள்ள நிறைய உண்டு.

கேட்ட 30 நாளுக்குள் என்ன மாற்றினோம் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். சுழற்சி முறையில் திருத்திய பணிப்பட்டியல் ஒன்று ஒட்டினாலும் போதும், அடுத்த முறை பேச ஆள் வருவார்கள்.

இப்படிக்கு,
சுகாதாரப் பணியாளர்கள் சிலர்,
கூடலூர், நீலகிரி