பல்லோடு நின்றுவிடாத பரிசோதனை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பல் சொத்தை பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரை பயனுள்ளது. எனினும் வாயிலும் தொண்டையிலும் வளரும் வேண்டாத சதைகளை முதலில் காணும் வாய்ப்பு பல் மருத்துவருக்கே அதிகம் என்பதையும் அது சொல்லியிருக்கலாம்.

எங்கள் தெருக்காரர் ஒருவர் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்ளப் போனார். மருத்துவர் நாக்கை அழுத்தி 'ஆ' சொல்லச் சொன்னபோது, உள்நாக்குக்குப் பின்னால் வெண்புள்ளிகளோடு செக்கச்சிவந்த சதையொன்று தொங்குவது தெரிந்தது. அடிக்கடி சில்லுமூக்கு உடைவதை உடம்புச் சூடென்று சொல்லி இளநீரிலேயே காலம் தள்ளியவர் அவர். தொட்டாலே ரத்தம் கொட்டும் சதை அது என்பதால், மருத்துவர் அதில் கை வைக்காமல் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு அனுப்பினார். சதைப் பரிசோதனையில், தேங்கிய நீரிலுள்ள ஒரு நுண்ணுயிரியால் மூக்கிலும் தொண்டையிலும் சதை வளரும் ரைனோஸ்போரிடியோசிஸ் என்ற நோய் என்று வந்தது. 1900-இல் அர்ஜென்டினாவில் விவரிக்கப்பட்ட இந்நோய் இன்று பெரும்பாலும் இந்தியாவிலும் இலங்கையிலும்தான் காணப்படுகிறது. மாடு குளிக்கும் ஊருணியிலும் கண்மாயிலும் மனிதரும் குளிக்கும் நம்முடையதைப் போன்ற வறண்ட பகுதிகள் அதற்குத் தோதானவை. இது புற்றுநோயும் அல்ல, ஒட்டுவாரொட்டியும் அல்ல. ஆனால் வேரோடு அறுத்து அடிப்பகுதியை மின்சூட்டால் தீய்த்தாலும் சிலருக்கு மறுபடி முளைக்கும்.

புற்றுநோயின் வருகை இன்னும் அரவமற்றது. இரவெல்லாம் கடலில் விழித்திருக்கப் புகையிலையைக் கன்னத்தில் அடக்குவோருக்கு, அது படியும் இடத்தில் வெண்படலமோ சிவந்த திட்டோ வலியின்றித் தோன்றும். வலி இல்லாததால் காட்டப் போவதுமில்லை. பல் உரசிய புண்தான் என்றாலும், உரசும் பல்லைத் தேய்த்துவிட்ட பின் இரண்டு மூன்று வாரங்களில் ஆறாவிட்டால், களிம்பை மாற்றிக்கொண்டிராமல் சதைப் பரிசோதனைக்கு அனுப்புவதே முறை.

நம் ஊர்ப் பல் முகாம்களோ பற்பசை வழங்குவதோடு முடிந்துவிடுகின்றன. நாக்கைத் துணியால் பிடித்து இருபுறமும் அடியிலும் பார்த்து, கழுத்தைத் தடவிக் கட்டி உண்டா என்று அறிய ஐந்து நிமிடம் ஆகுமா? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன் ஆகிய ஊர்களில் அப்போதே முகாம்களை நடத்தலாம். ஐயமுள்ளவர்களின் பெயரைப் பதிந்து, ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தார்களா என்று கேட்டறியும் பொறுப்பை ஒரு கிராம சுகாதாரச் செவிலியரிடம் ஒப்படைக்குமாறு மாவட்ட நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தேவிபட்டினம்.