மதச் சண்டை என்று சொன்னால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில் காஸா பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். இஸ்லாமும் யூத மதமும் ஆயிரம் வருடங்களுக்கு மேலாக மோதி வருகின்றன, இன்று நடப்பதும் அதன் தொடர்ச்சிதான் என்று கட்டுரையாளர் முடிக்கிறார். பஸ்ஸிலும் தேத்தண்ணிக் கடையிலும் தினமும் கேட்கும் பேச்சுத்தான் இது. பத்திரிகையும் அதையே சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

யூதர்களுக்குத் தனி நாடு கேட்ட சியோனிச இயக்கத்தின் முதலாவது மாநாட்டை 1897இல் கூட்டிய தியோடர் ஹெர்சல் மத அனுட்டானங்களில் நாட்டமில்லாதவர். மாநாட்டை மியூனிக் நகரில் நடத்தவே அவர் நினைத்திருந்தார். அங்கிருந்த யூத சமூகத்தவரும் ஜெர்மனியின் ரபிமாரும் (யூத மதகுருமாரும்) எதிர்த்ததால் அது சுவிட்சர்லாந்தின் பாசலுக்குப் போனது. கடவுள் அனுப்பும் மீட்பரான மெசியா வருமுன் மனிதர் தாமாக நாடு அமைப்பது பாவம் என்று சொல்லும் வைதிக யூதர்கள் இன்றும் இருக்கிறார்கள். மறுபக்கமும் அப்படித்தான். பலஸ்தீன விடுதலைக்கான மக்கள் முன்னணியைத் தொடங்கிய ஜோர்ஜ் ஹபாஷ் ஒரு கிறிஸ்தவ வைத்தியர். பலஸ்தீனத் தலைவர் அரபாத்தின் ஃபத்தா இயக்கமும் மதக் கட்சி அல்ல. இஸ்லாமிய இயக்கமான ஹமாஸ் பிறந்ததோ 1987 டிசம்பரில். இஸ்ரேல் உருவாகி அதற்குள் 39 வருடங்கள் ஓடிவிட்டன. இது ஆயிரம் வருடப் பகை என்றால், மதத்தின் பெயரில் போராடுபவர்கள் இவ்வளவு பிந்தியா வருவார்கள்?

    

அதற்காக மதத்துக்கு இதில் பங்கே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 1967 போரில் மேற்குக் கரையும் கிழக்கு ஜெருசலேமும் இஸ்ரேலின் கைக்கு வந்த பிறகு, 1974இல் குஷ் எமுனிம் என்ற யூதக் குடியேற்ற இயக்கம் எழுந்தது. இந்த மலைகள் கடவுள் எங்களுக்கு வாக்களித்தவை, இவற்றைத் திருப்பிக் கொடுக்க எந்த அரசுக்கும் உரிமையில்லை என்றது. ஹமாஸின் 1988 சாசனம் என்ன சொன்னது? பலஸ்தீனம் முழுவதும் எல்லாத் தலைமுறை முஸ்லிம்களுக்கும் உரிய வக்பு (மத அறக்கொடை) நிலம், ஓர் அங்குலத்தையும் விட்டுக்கொடுக்க எவருக்கும் அதிகாரமில்லை என்றது. எல்லைத் தகராறு என்றால் நில அளவையாளரைக் கூட்டிவந்து சங்கிலி போட்டாவது பார்க்கலாம். காணி உறுதியைக் கடவுள் பெயரில் எழுதிய பிறகு யார் போய் அளப்பது? விட்டுக்கொடுப்பது அரசியல் தவறாக இருந்தது போய்ப் பாவமாகிவிட்டது. இஸ்ரேலுடன் சமாதான ஒப்பந்தம் செய்த எகிப்து ஜனாதிபதி சதாத்தை 1981 ஒக்டோபர் 6இல் கொன்றவர்கள், அவருடைய சொந்தப் படையின் அதிகாரி ஒருவர் தலைமையில் வந்த இஸ்லாமியத் தீவிரவாதிகள். பலஸ்தீனியருடன் ஒப்பந்தம் செய்த இஸ்ரேல் பிரதமர் ரபினை 1995 நவம்பர் 4இல் சுட்டவன் யூத மதச் சட்டத்தை நியாயமாகக் காட்டிய ஒரு யூத மாணவன். இரண்டு மதங்கள் ஒன்றோடொன்று மோதிய கதை என்று கட்டுரையாளர் சொல்வதில் இந்த இரண்டு கொலைகளையும் எங்கே வைப்பது?

மதத் தீவிரம் தானாக ஆட்சிக்கு வருவதுமில்லை. 2022 டிசம்பரில் இஸ்ரேலில் நெதன்யாகு ஆட்சியமைக்க ஆசனக் கணக்குப் போட்டபோதுதான், தீவிர வலதுசாரிக் கட்சித் தலைவர்களான பென் குவிர் தேசியப் பாதுகாப்பு அமைச்சராகவும் ஸ்மோட்ரிச் நிதி அமைச்சராகவும் ஆனார்கள்.

நம் இலங்கையையே பாருங்கள். உள்நாட்டு யுத்தத்துக்காக 1996இல் நாம் வாங்கிய கிபிர் போர் விமானங்கள் இஸ்ரேலுடையவை. 2000ஆம் ஆண்டு பல்குழல் எறிகணைச் செலுத்திகளைத் தந்தது பாகிஸ்தான். யூத நாட்டின் குண்டும் முஸ்லிம் நாட்டின் எறிகணையும் ஒரே பக்கத்திலிருந்து வடக்கில் விழுந்தன. யுத்தத்தை முடித்த ஜனாதிபதி மகிந்த ராஜபக்ஷவோ பலஸ்தீனத்தின் நீண்டகால நண்பர். ரமல்லாவில் ஒரு வீதிக்கு அவர் பெயரும் சூட்டினார்கள். 2024 ஏப்ரலில் ஈரான் ஜனாதிபதி ரைசி, ஈரானிய நிறுவனம் கட்டிய உமா ஓயா நீர்த் திட்டத்தைத் திறந்துவைக்க வந்தபோது, ஈரான் இஸ்ரேல் மீது ஏவுகணை வீசி இரண்டு வாரமும் ஆகவில்லை.  ஈரானுக்குத் தரவேண்டியிருந்த 251 மில்லியன் டொலர் எண்ணெய்க் கடனை நம் மலையில் கிள்ளிய கொழுந்தால் தீர்க்க 2021இல் ஒப்பந்தமானது. ரைசியை வரவேற்ற அரசாங்கமே 2023 நவம்பரில், இஸ்ரேல் பண்ணைகளுக்குப் 10,000 பேரை அனுப்ப ஒப்பந்தமும் செய்தது.

1948இல் பலஸ்தீனத்தில் ஏறத்தாழ ஏழு இலட்சம் பேர் வீடிழந்தார்கள். அதே வருடம் பிரசாவுரிமைச் சட்டம் மலையக மக்களில் ஏறத்தாழ அதே அளவு பேரை நாடற்றவர்களாக்கியது. இரண்டும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. நம்மை யாரும் துப்பாக்கி முனையில் லயத்தைவிட்டுத் துரத்தவில்லை. ஆனால் அந்தச் சட்டத்தை இந்து, பௌத்த மதச் சண்டை என்று யாராவது எழுதினால் நாம் சிரிப்போம். 1947 தேர்தலில் தோட்டத்து வாக்கு ஆளும் கட்சிக்குப் போகாமல் இலங்கை இந்திய காங்கிரசுக்கும் இடதுசாரிகளுக்கும் போனதுதான் காரணம் என்பது நமக்குத் தெரியும். நமக்குக் காட்டும் இந்த நிதானத்தை மற்றவர் விஷயத்திலும் காட்டினால் என்ன?

இதில் நான் இவ்வளவு விடாப்பிடியாக நிற்பதற்கு ஒரு காரணம் உண்டு. திகனவில் 2018 மார்ச்சில் முஸ்லிம் கடைகள் எரிந்ததைப் பார்த்த மாவட்டம் இது. ‘அவர்கள் எப்போதுமே இப்படித்தான்’ என்ற பேச்சு காஸாவோடு நிற்காது; டவுனில் புடவைக் கடை வைத்திருப்பவர் வரைக்கும் வரும்.

இன்னொன்று. 2023 ஒக்டோபர் 7 தாக்குதலில் இறந்த சுமார் 1,200 பேரில் பண்ணைகளில் வேலை செய்த தாய்லாந்துக்காரர்களும் இருந்தார்கள். பலர் பணயக் கைதிகளாகவும் கொண்டுபோகப்பட்டார்கள். அதன் பிறகு காஸாவில் இறந்தவர்கள் பல்லாயிரம். இந்தத் தாய்லாந்துக்காரர்களும் வேலை அனுமதி இழந்த பலஸ்தீனியரும் விட்டுப்போன இடங்களுக்குத்தான் நம் பிள்ளைகள் விண்ணப்பம் நிரப்புகிறார்கள். பண்ணை எல்லை வேலியிலிருந்து எவ்வளவு தூரம், காயம் பட்டால் நட்டஈடு தருவது யார், ஒப்பந்தம் எந்த மொழியில் இருக்கிறது, தரகருக்குக் காசு கொடுக்க வேண்டுமா? உங்கள் நிருபர் ஒருவரை அனுப்பி இவற்றை விசாரித்து, அடுத்த ஞாயிறு அந்தப் பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
புசல்லாவை