விளம்பரத்தை மறைப்பது பற்றிப் பாப்பாவுக்கு

குடியாத்தம்

அன்புள்ள பாப்பாவுக்கு, நைனா எழுதுவது.

இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. பொங்கலுக்கு வந்தபோது என் கம்ப்யூட்டரில் யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பானைப் போட்டுவிட்டுப் போனாயே, பக்கங்கள் சட்டென்று திறக்கின்றன. ஆனால் போட்டவளே நேற்று போனில், "விளம்பரத்தை மறைத்துவிட்டு ஓசியில் படிப்பது திருட்டு மாதிரி இருக்கு நைனா" என்கிறாய்.

நான் பேப்பர் ஏஜென்ட். ஜவுளிக்கடை நோட்டீஸைப் பேப்பருக்குள் செருகிக் காசு பார்க்கிறவன். பேப்பர் விற்கும் விலையில் அச்சுச் செலவுகூடத் தேறாது, மீதியை விளம்பரம்தான் சுமக்கிறது. அதனால் எனக்கு விளம்பரத்தின் மேல் கோபம் கிடையாது. ஆனாலும் நோட்டீஸை உதறிப் போட்டுவிட்டுச் செய்தி படிப்பவரை இந்த ஊரில் யாரும் திருடன் என்றதில்லை.

அந்த நோட்டீஸ் உன்னைத் திருப்பிப் பார்ப்பதும் இல்லை. நெட் விளம்பரம் பார்க்கிறது. பக்கம் திறக்கும் நொடிக்குள் நம் விவரம் பல கம்பெனிகளுக்குப் போய், ஏலம் நடந்து, அதிகம் கேட்டவனின் விளம்பரம் வந்து உட்காருகிறது. என்ன நோய்க்கு மருந்து தேடினோம் என்பதுகூட அதில் போகலாம். இதற்கு நாம் எப்போது சம்மதித்தோம்?

மோசடி வேறு இருக்கிறது. வேலூர் சிஎம்சிக்கு வங்காளத்திலிருந்து வரும் குடும்பங்கள் போனில் தேடித்தான் ரூம் பிடிக்கிறார்கள். மேலே முதலில் நிற்பது விளம்பரம் என்று தெரியாமல் தொட்டால், போலித் தளமாக இருந்தால் பணம் போச்சு. நிஜக் கம்பெனி போல வேஷம் போடும் இப்படிப்பட்ட விளம்பரங்களுக்காகவே, தடுப்பான் போட்டுக்கொள்ளுங்கள் என்று அமெரிக்காவின் எஃப்பிஐ 2022 டிசம்பரில் சொன்னது.

சரி, உன் உறுத்தலும் பொய்யில்லை. 2015இல் மார்கோ ஆர்மென்ட் என்பவர் ஐபோனுக்கு 'பீஸ்' என்று ஒரு தடுப்பான் எழுதினார். விற்பனையில் அது முதலிடத்தில் இருந்தபோதே, அடிபடக் கூடாதவர்களுக்கும் அடிபடுகிறது என்று இரண்டே நாளில் திரும்பப் பெற்றார். எனக்கு அந்த மனுஷனைப் பிடிக்கிறது. ஆட்பிளாக் பிளஸ் என்று இன்னொரு தடுப்பான், அதைச் செய்தவர்கள் வழி வேறு: தொந்தரவில்லாத விளம்பரம் என்று சிலதை உள்ளே விட்டு, அதற்குப் பெரிய கம்பெனிகளிடம் காசும் வாங்குகிறார்கள். 2018இல் ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் அதில் சட்டக் குற்றம் இல்லை என்றுவிட்டது. இருக்கட்டும். காவலுக்கு நிற்பவனே வாசலில் வசூல் பண்ணுவது எனக்கு ஒப்பவில்லை.

நீ தினமும் பார்க்கிற அந்தச் சமையல் தளம் இருக்கிறதே, தனியாளாக எழுதுகிற அம்மா, அங்கே மட்டும் தடுப்பை நிறுத்திவை. விளம்பரம் பக்கத்தையே மறைத்துக்கொண்டு குதித்தால் மறுபடி போடு. சந்தா கேட்கும் பத்திரிகைக்குச் சந்தா கட்டு, சம்பாதிக்கிறாய் அல்லவா. மற்ற இடங்களில் தடுப்பு அப்படியே இருக்கட்டும்.

அப்புறம், அடுத்த முறை வரும்போது அம்மா போனிலும் ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர் போட்டு இந்தத் தடுப்பானைச் சேர்த்துவிடு. அவள் சீரியல் பார்க்கும் யூடியூப் செயலிக்குள் இது வேலை செய்யாது என்பதையும் நீயே சொல். நான் சொன்னால் நம்பமாட்டாள்.

இப்படிக்கு,
நைனா