பத்தாண்டுச் சான்றிதழுக்குப் பத்தாண்டு வரைபடம்: கார் முகவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரில் கார்களை இறக்குமதி செய்து விற்கும் அதிகாரபூர்வ முகவர்களுக்கும், அவர்களுக்குக் கார்களை அனுப்பிவைக்கும் தயாரிப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

காரின் முன்பலகையிலேயே பொருத்தி நீங்கள் விற்கும் வழிகாட்டிக் கருவியைப் பற்றி இந்த மடலை எழுதுகிறேன். கருவி நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் அதற்குள் இருக்கும் வரைபடம் பழையதாகிவிடுகிறது. அதைப் புதுப்பித்துத் தருவது தம் பொறுப்பு என்று சொல்ல யாரும் முன்வருவதில்லை. என் முறையீடு அதுதான்.

2024-ஆம் ஆண்டில் என் அண்ணன் மகள் தெங்கா என்ற புது நகரில் புது வீட்டுக்குக் குடிபோனாள். விடியற்காலை ஐந்தேகாலுக்குப் பால் காய்ச்ச நேரம் குறித்திருந்தார்கள். ஈசூனிலிருந்து நானும் அம்மாவும் நாலரை மணிக்கே கிளம்பிவிட்டோம். பெட்டியில் வைக்க மனமில்லாமல், சீராகக் கொண்டுபோன குத்துவிளக்கைத் துண்டில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொண்டு அம்மா பின்னிருக்கையில் உட்கார்ந்திருந்தார். நான் அஞ்சல் குறியீட்டைத் தட்டினேன். 1995 செப்டம்பரில் ஆறு இலக்கக் குறியீடு வந்ததிலிருந்து, இந்த ஊரில் ஒவ்வொரு புளோக்குக்கும், அதாவது அடுக்குமாடிக் கட்டடத்துக்கும், தனி எண் உண்டு. தெருப் பெயரே தெரியாவிட்டாலும் அந்த ஆறு எண்கள் கையில் இருந்தால் வாசலில் போய் நின்றுவிடலாம் என்பது எங்கள் நெடுநாள் பழக்கம். என் கருவியில் நான்காவது இலக்கத்தை அழுத்தியதும், அடுத்து நான் அழுத்தவேண்டிய எண் மங்கிப்போய்விட்டது. விரலை வைத்து எத்தனை முறை அழுத்தினாலும் அது அசையவில்லை. அப்படி ஒரு கட்டடமே இல்லை என்பதுதான் அந்தக் கருவியின் கணக்கு.

சரி, பக்கத்துச் சாலை வரை போய் விசாரித்துக்கொள்வோம் என்று கிளம்பினேன். சிலேத்தார், புக்கிட் தீமா, கிராஞ்சி விரைவுச்சாலைகள் வழியாகப் பிரிக்லேண்ட் சாலை வரைக்கும் கருவி சரியாகவே கொண்டுவந்து விட்டது. புது நகருக்குள் நுழைந்ததும் திரையில் சாலைகள் மறைந்தன. என் காரைக் குறிக்கும் சின்ன அம்பு, பச்சை வண்ணம் பூசிய வெற்றிடத்தில் தன்னந்தனியாக நகர்ந்துகொண்டிருந்தது. வெளியே அகலமான சாலை, தெருவிளக்கு, அடுக்குமாடி வீடுகள் எல்லாம் கண்ணெதிரே இருக்கின்றன. உள்ளே அரை நிமிடத்துக்கு ஒருமுறை, இயன்ற இடத்தில் திரும்பவும் என்று குரல் கேட்கிறது. "அதுதான் திரும்பச் சொல்லுதே, நீ ஏம்பா நேரா போயிட்டே இருக்கே?" என்று அம்மா கேட்டார். அந்த நேரத்தில் நிறுத்திக் கேட்பதற்குத் தெருவில் ஆள் இல்லை. வீட்டார் எல்லாரும் பூசையில் இருந்ததால் கைப்பேசியை யாரும் எடுக்கவில்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஐந்து நாற்பது. பால் பொங்கி, பங்கு வைத்துக் கொடுத்தும் முடித்திருந்தார்கள். "பொங்கினதைப் பார்க்கலையே" என்று அம்மா அந்த வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று மாலைதான் கருவியின் அமைப்புகளுக்குள் போய்ப் பார்த்தேன். வரைபடத் தரவின் ஆண்டு 2016 என்று இருந்தது. நான் காரைப் பதிவு செய்தது 2018-இல். ஆக, புத்தம் புதிதாகக் கைக்கு வந்த அன்றே அதன் வரைபடத்துக்கு இரண்டு வயது. தெங்கா நகர்த் திட்டம் அறிவிக்கப்பட்டதே 2016-இல்தான். சுமார் 700 ஹெக்டரில் 42,000 வீடுகள் எழும் அந்த நகரில் முதல் வீடுகள் 2018-இல் விற்பனைக்கு வந்தன, 2023-இல் மக்கள் குடியேறத் தொடங்கினார்கள். இவை எதுவும் 2016-இன் வரைபடத்துக்குத் தெரிந்திருக்க வழியில்லை. புக்கிட் பிரவுன் வழியாகச் செல்லும் லார்னி நெடுஞ்சாலையும் அப்படித்தான். 2018-இல் ஒரு பகுதியும் 2019-இல் முழுவதுமாகவும் திறக்கப்பட்ட அந்தச் சாலையில் போகும்போதெல்லாம் என் கார் மரங்களுக்கு நடுவே ஓடுவதாகத் திரை காட்டிவந்தது. வழி எனக்குப் பழக்கம் என்பதால் அதை நான் ஒரு குறையாகவே எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

பராமரிப்பு நிலையத்தில் கேட்டபோது, மேப் அப்டேட் செய்ய ஏறத்தாழ 380 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஆகும், காரை அரை நாள் விட்டுச்செல்ல வேண்டும் என்றார்கள். அதில் தெங்கா இருக்குமா என்று கேட்டேன். பணிவாகவே பேசிய அந்த இளைஞர் கணினியைப் பார்த்துவிட்டு, இப்போது வந்திருக்கும் பதிப்பே இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய தரவு, இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார். பிறகு, "எல்லாரும் கைப்பேசியில்தான் பார்க்கிறார்கள், அங்கிள்" என்று சேர்த்துச் சொன்னார். அவரை நான் குறை சொல்லவில்லை. அவர் கையில் கொடுக்கப்பட்டிருந்த பதில் அவ்வளவுதான். ஆனால் இந்தப் பதிலைத்தான் நீங்கள் எல்லாரும் சொல்கிறீர்கள் என்பதால், அது ஏன் போதாது என்று சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

காலாங் பாய லேபார் விரைவுச்சாலை 12 கிலோமீட்டர். அதில் 9 கிலோமீட்டர் நிலத்தடியில் போகிறது. அதன் தெற்கு முனையில் இணையும் மரினா கோஸ்டல் விரைவுச்சாலை சுமார் 5 கிலோமீட்டர். அதிலும் பெரும்பகுதி சுரங்கம், 420 மீட்டர் கடலடியில் செல்கிறது. நம் இடத்தைக் கண்டறிய உதவும் துணைக்கோளச் சமிக்ஞை தானாக மண்ணுக்கடியில் ஊடுருவி வராது. அதை மட்டும் நம்பியிருக்கும் கைப்பேசி, சுரங்கத்துக்குள் நுழைந்ததும் கடைசியாகத் தெரிந்த வேகத்தை வைத்துத் தோராயமாகவே நம் இடத்தைக் கணிக்கிறது. காரில் பொருத்திய கருவிக்கோ சக்கரம் எத்தனை முறை சுழன்றது என்பதும், கார் எந்தப் பக்கம் எவ்வளவு திரும்பியது என்பதும் உணரிகள் வழியாக நேரடியாகத் தெரியும். அந்தக் கணக்கை வரைபடத்தில் உள்ள சாலையோடு பொருத்தி, அடுத்த வெளிவழி இன்னும் முந்நூறு மீட்டரில் என்று துல்லியமாகச் சொல்லக்கூடியது அந்தக் கருவிதான். சுரங்கத்துக்குள்ளேயே வழிகள் பிரியும் ஊரில் இது பெரிய உதவி. ஆனால் பொருத்துவதற்கு வரைபடத்தில் அந்தச் சாலை இருக்க வேண்டும். இல்லாவிட்டால், கருவி அருகில் தனக்குத் தெரிந்த வேறொரு சாலையில் காரைக் கொண்டுபோய் ஒட்டவைத்து, அந்தச் சாலைக்கான வழியை இந்தச் சாலையில் சொல்லத் தொடங்கிவிடும்.

கட்டுமானத்தில் இருக்கும் வடக்கு தெற்குப் பெருவழியை நினைத்துப் பாருங்கள். 21.5 கிலோமீட்டர் நீளத்தில், மேம்பாலமும் சுரங்கமுமாக, உட்லண்ட்ஸிலிருந்து நகரை நோக்கி வரப்போகும் சாலை அது. அது திறக்கப்படும் நாளில் இன்று நீங்கள் விற்கும் கார்களில் பெரும்பாலானவை சாலையில் ஓடிக்கொண்டிருக்கும். 2013 டிசம்பர் 29-ஆம் தேதி மரினா கோஸ்டல் விரைவுச்சாலை திறந்தபோது, பழகிய ஈஸ்ட் கோஸ்ட் வழியின் ஒரு பகுதி விரைவுச்சாலையாக இல்லாமல் போனது. மறுநாள் காலை வேலைக்குப் புறப்பட்டவர்கள் புதிய வெளிவழிகளில் தடுமாறி நெரிசலில் மாட்டிக்கொண்டதை அன்று கார் ஓட்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

கைப்பேசியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2015 பிப்ரவரியில் விதி விரிவாக்கப்பட்டது முதல், கார் நகரும்போது கைப்பேசி மட்டுமல்லாமல் எந்தக் கையடக்கச் சாதனத்தையும் கையில் பிடித்து இயக்குவது குற்றம். முதல் முறை பிடிபட்டாலே 1,000 வெள்ளி வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். தாங்கியில் பொருத்தி வைத்தால் குற்றமில்லை, உண்மை. ஆனால் என் வயதுக்காரர்களுக்கு ஓட்டுநர் கண்மட்டத்தில் அகலமாக இருக்கும் திரைக்கும், தாங்கியில் ஆடிக்கொண்டிருக்கும் சின்னத் திரைக்கும் வேறுபாடு மிகப் பெரிது. காட்சிக்கூடத்தில் உங்கள் விற்பனையாளர் முதலில் தொட்டுக் காட்டியதும் அந்த அகலத் திரையைத்தான். அதையும் சேர்த்துத்தான் நான் விலை கொடுத்தேன்.

வழி தவறினால் நேரம் போகும், அவ்வளவுதான். வேக வரம்பு தவறினால் அப்படியல்ல. வரைபடத்தில் பதிந்திருக்கும் வேக வரம்பைத்தான் பல கார்கள் வேகமானிக்குப் பக்கத்தில் சிவப்பு வட்டமிட்டுக் காட்டுகின்றன. மூத்தோர் அதிகம் நடமாடும் வட்டாரங்களில் 2014 முதல் அமைக்கப்பட்டுவரும் 'சில்வர் ஸோன்' சாலைகளில் வேக வரம்பு மணிக்கு 40 கிலோமீட்டர், சில இடங்களில் 30. பழைய வரைபடம் வைத்திருக்கும் கார் அங்கே இன்னும் 50 என்றே காட்டக்கூடும். நான் சாலையோரப் பலகையைப் பார்த்து ஓட்டுகிறேன். ஆனால் திரையைப் பார்த்தே பழகிய ஒருவர் அதே சாலையில் வரும்போது, ஊன்றுகோலோடு கடந்துகொண்டிருப்பவர் என் அம்மாவாகவும் இருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2024 ஜூலை முதல் எல்லாப் புதிய கார்களிலும் வேக வரம்பை எச்சரிக்கும் ஏற்பாட்டைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அந்த ஏற்பாட்டோடு செய்யப்படும் கார்கள் இங்கும் வருகின்றன. வரைபடம் பழையதென்றால், அந்த எச்சரிக்கையையும் நம்ப முடியாது.

இந்தத் தாமதம் எப்படி வருகிறது என்பதை நான் அறியாதவன் அல்ல. வரைபட நிறுவனம் சாலைகளை அளந்து தரவைத் திரட்ட வேண்டும். அதைக் கார்த் தயாரிப்பாளர் தம் கருவிக்கு ஏற்ற வடிவில் தொகுத்துச் சோதிக்க வேண்டும். பிறகு வட்டாரப் பதிப்பாகி முகவருக்கு வர வேண்டும். படிக்குப் படி மாதங்கள் கரைகின்றன. பெரிய நாடுகளின் நடுவே நம்முடைய சின்னத் தீவு கடைசியில் கவனிக்கப்படுவதும் புரிகிறது. ஆனால் தரவு கிடைக்கவில்லை என்று மட்டும் இங்கே யாரும் சொல்ல முடியாது. சிங்கப்பூர் நில ஆணையம் 2010-இல் தொடங்கிய ஒன்மேப் வரைபடத்தை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். அஞ்சல் குறியீட்டைத் தட்டினால் கட்டடத்தைக் காட்டுகிறது. நிலப் போக்குவரத்து ஆணையமும் சாலைத் தரவுகளை டேட்டாமால் தளத்தில் பொதுமக்களுக்குத் திறந்து வைத்திருக்கிறது. ஊரே தன் வரைபடத்தை வாசலில் எடுத்துவைத்திருக்கும்போது, அதை ஆண்டுக்கு ஒருமுறையாவது காருக்குள் கொண்டுவருவது உங்களால் முடியாத காரியமா?

என் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். 1990 முதல் இந்த நாட்டில் கார் வைத்திருப்பவர் ஒவ்வொருவரும் வாகன உரிமைச் சான்றிதழ் எடுக்கிறோம். அது இருந்தால்தான் காரை ஓட்டலாம், அதன் காலம் பத்து ஆண்டு. 2023-இல் சிறிய கார்களுக்கான பிரிவிலேயே சான்றிதழ்க் கட்டணம் 100,000 வெள்ளியைத் தாண்டியது. வேறு நாடுகளில் ஒரு கார் எத்தனை ஆண்டு ஓடும் என்று தயாரிப்பாளருக்கு முன்கூட்டித் தெரியாமல் இருக்கலாம், இங்கே தெரியும். ஆகவே அந்தப் பத்து ஆண்டுக்கும் வரைபடத்தைப் புதுப்பித்துத் தருவதை, தனிக் கட்டணம் கேட்காமல், விற்பனை விலைக்குள்ளேயே அடக்கி, ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதித் தாருங்கள். காரை ஒப்படைக்கும் நாளில் அதிலுள்ள வரைபடத் தரவு எந்த ஆண்டு, எந்த மாதத்தது என்பதையும் அதே தாளில் குறிப்பிடுங்கள். டயரில் தயாரிப்பு வாரம் அச்சிடப்பட்டிருக்கிறது, மின்கலத்துக்கு உத்தரவாத அட்டை இருக்கிறது. வரைபடத்தின் வயதை மட்டும் நான் ஐந்து பட்டியல்களைத் திறந்து தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

தானாக இணையத்தில் புதுப்பித்துக்கொள்ளும் கார்களுக்கும் இது பொருந்தும். 2024-இல் இங்கே 3ஜி சேவை நிறுத்தப்பட்டபோது, 3ஜி மோடத்தை மட்டும் நம்பியிருந்த கார்களின் இணைய இணைப்பு அதோடு முடிந்தது. அத்தகைய காரின் உரிமையாளருக்கு ஒரு கடிதம் அனுப்பி, இனி யூஎஸ்பி வழியாக இப்படிச் செய்துகொள்ளுங்கள் என்று சொல்வது விற்றவரின் கடமை. அவர் காரை இரண்டாம் கையாக வாங்கியவராக இருந்தாலும் அப்படித்தான், சான்றிதழ் காருக்குத்தானே?

என் காரின் சான்றிதழ் 2028 வரை செல்லும். மாதம் ஒருமுறையாவது அம்மாவைத் தெங்காவுக்கு அழைத்துப் போகிறேன். வழி எனக்கு இப்போது மனப்பாடம். அதே புளோக்கில் அண்ணன் மகளுக்கு அடுத்த வீட்டிலும் எதிர் வீட்டிலும் குடிவந்தவர்களைப் பார்க்க வருகிறவர்களுக்கு அது மனப்பாடம் இல்லை. இந்த மடலுக்கு உங்களிடமிருந்து எழுத்தில் ஒரு பதிலை எதிர்பார்க்கிறேன். புதிய வரைபடத்தை ஏற்றித் தருவதாக இருந்தால், எந்த நாள் சொன்னாலும் காரைக் கொண்டுவந்து அரை நாள் விட்டுச்செல்ல ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஈசூனில் வசிக்கும் ஒரு கார் உரிமையாளர்