உத்திரத்தின் முனையைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கும்பகோணம் டபீர் தெருவிலும் தஞ்சை மேலவீதியிலும் திண்ணை, ரேழி, முற்றம், கொல்லைக் கிணறு என்று இருக்கிற பழைய வீடுகளை வெளியூரில் வேலை பார்ப்பவர்கள் தேடி வாங்குகிறார்கள். இடித்துவிட்டு அடுக்குமாடி எழுப்புவதற்கு இது எவ்வளவோ மேல். ஆனால் வருகிறவர்கள் தேக்குத் தூணைத் தட்டிப் பார்த்ததுமே விலை பேசிவிடுகிறார்கள். தூண் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். காற்றில் நிற்கிற மரம் அது. கெடுவது சுவருக்குள் புதைந்திருக்கிற மரம்.

பொறியாளர்கள் மெட்ராஸ் டெரஸ் என்று சொல்லும் கட்டை போட்ட மச்சில், தேக்குக் கட்டைகள்மேல் செங்கல்லை நிறுத்திச் சுண்ணாம்பில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து, கடைசியில் தட்டோடு என்னும் தட்டையான ஓடுகளைப் பதித்திருப்பார்கள். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் வெடிப்பு விட்டாலோ, அரசஞ்செடி முளைத்து வேர் இறங்கினாலோ, தண்ணீர் நேரே கட்டையின் முனைக்குத்தான் போகும். நடுவில் கல் மாதிரி இருக்கிற கட்டை சுவருக்குள் மாவாகிக் கிடக்கும். உத்திரமும் அப்படித்தான். ஏணி போட்டு ஏறி, ஒவ்வொரு முனையிலும் சுவரை ஒட்டிக் கோணி ஊசியால் குத்திப் பாருங்கள். ஊசி நின்றால் சரி. அரை அங்குலம் சுலபமாக இறங்கினால் அந்த முனை போச்சு. புதிதாக வண்ணம் அடித்திருந்தால் இரண்டு தடவை குத்துங்கள். ஒன்றிரண்டு கட்டை கெட்டதற்காக வீட்டை விட வேண்டியதில்லை. சுவரோரமாக இரும்பு சேனல் கொடுத்துத் தாங்கிவிடலாம். பத்துக்கு நாலு போயிருந்தால், மச்சைப் பிரித்துப் போடும் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.

ஒழுகுகிறது என்றால் மேலே சிமென்ட் கான்கிரீட் கொட்டச் சொல்வார்கள். 100 சதுர அடி அறைமேல் 2 அங்குலம் போட்டாலே ஒரு டன்னுக்கு மேல் பாரம்; தாங்க வேண்டியது அதே கெட்ட முனை. தட்டோட்டின் இடுக்கைச் சுரண்டி, நீற்றிய சுண்ணாம்பும் செங்கல் பொடியும் வைத்துப் பூசி, ஒரு வாரம் ஈரச்சாக்கு போட்டுக் காயவிடாமல் வைத்தால் போதும்.

அடுத்தது ஓதம், அதாவது தரையிலிருந்து சுவரில் ஏறும் ஈரம். வாய்க்காலில் தண்ணீர் ஓடி, மேலே மழையும் சேர்ந்தால் டெல்டா ஊர்களில் நிலத்தடி நீர் கைக்கெட்டும் ஆழத்துக்கு வந்துவிடும். செங்கல் அதை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும், சிமென்ட் பூச்சும் டைல்ஸும் விடாது. வழியில்லாத ஈரம் மேலே ஏறி, 3 அடியில் பூத்த உப்பு 5 அடியில் பூக்கும். கூடத்துச் சுவரில் இடுப்புயரத்துக்குப் புது டைல்ஸ் இருந்தால் ஏன் என்று கேளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்ட மறுநாள் போய்ப் பார்ப்பது உத்தமம். சித்திரையில் எல்லா வீடும் நல்ல வீடுதான்.

பத்திரத்தில் முதலில் பார்க்க வேண்டியது அடிமனை. கோயிலுக்கோ மடத்துக்கோ சொந்தமான மனையில் நிற்கும் வீடுகள் இங்கே ஏராளம். விற்கிறவருக்குக் கட்டடம் மட்டுமே சொந்தம். 1959-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி, கோயில் மனையை விற்கவோ, 5 ஆண்டுக்கு மேல் குத்தகைக்கு விடவோ அறநிலையத் துறை ஆணையர் அனுமதி வேண்டும். மனை வாடகை ரசீது யார் பேரில், எதுவரை கட்டியது என்று கேளுங்கள். பட்டாவோடு நகர நில அளவைப் பதிவேட்டையும் ஒத்துப் பாருங்கள்.

வில்லங்கச் சான்றில் சாவு ஏறாது. தாத்தா பேரிலேயே நிற்கும் வீட்டில் வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். கல்யாணமாகிப் போன அத்தைகளுக்குப் பங்கில்லை என்ற பேச்சு, இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்துக்கும் அதை ஒட்டிய 2020 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கும் பிறகு எடுபடாது, 20.12.2004-க்கு முன்பே பதிவான பாகப்பிரிவினை இருந்தால் அது நிற்கும். பத்திரத்தின் நான்கெல்லையில் ‘பொதுச்சுவர்’ என்றிருந்தால், பக்கத்து வீட்டை இடிக்கும் நாளில் அந்தச் சுவரில் ஊன்றிய உங்கள் கட்டைகளுக்கும் ஆபத்து என்பதை மனதில் வையுங்கள்.

கடைசியாக மாநகராட்சிகளுக்கு ஒன்று. பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதுத் தார் போட வேண்டும் என்று 2021-இல் அரசே உத்தரவிட்டது. ஆனாலும் தெரு உயர்ந்துகொண்டே போகிறது. இரண்டு படி ஏறிப் போன வீட்டுக்குள் இப்போது ஒரு படி இறங்கிப் போகிறோம். வாங்குகிறவர்கள் முற்றத்து மட்டத்தையும் தெருச் சாக்கடையின் அடிமட்டத்தையும் டியூப் லெவல் (மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய்) வைத்துப் பார்த்துவிடுங்கள். முற்றம் தாழ்ந்திருந்தால் அடைமழை நாளில் மோட்டார் வைத்துத்தான் இறைக்க வேண்டியிருக்கும்.

கட்டடப் பொறியாளர்,
கும்பகோணம்